இருக்கறத வெச்சு

— மூணு வருஷம் கழிச்சு இந்த வீட்டுக்குள்ள கால் வெச்சிருக்கீங்க. உட்காருங்கன்னு நான் சொல்றதுக்குள்ள பிரிட்ஜத் திறந்தாச்சு.

— உன் மூஞ்சியப் பார்த்தேன், அதான். ஆஸ்பத்திரியிலேருந்து வந்து தோள் பையக்கூடக் கீழ வெக்கல நீ. உட்காரு சிஸ்டர். இன்னிக்கு ராத்திரிச் சாப்பாடு நான் பண்றேன்.

— அப்படிக் கூப்பிடாதீங்க.

— வாய்ப்பழக்கம்.

— கோர்ட்டுல கையெழுத்துப் போட்டப்பவே அந்தப் பழக்கமும் முடிஞ்சுபோச்சு. ஊர் உலகத்துல கட்டின பொண்டாட்டிய சிஸ்டர்னு கூப்பிட்ட ஒரே ஆம்பள நீங்கதான். உடைஞ்ச கைக்குக் கட்டுப் போட வந்தப்ப கூப்பிட்டீங்க, கல்யாணத்துக்கு அப்புறமும் விடல. அப்ப சிரிச்சேன். இப்ப கேட்டா எரியுது.

— சரி, கூப்பிடல. கேளு, அரை முட்டைக்கோஸ் இருக்கு. மேல் இலை கருத்துருக்கு, உரிச்சாச் சரியாயிடும். கேரட் ரெண்டு. கீரை நாளைக்குத் தாங்காது. முட்டை மூணு. இது காலையில வடிச்ச சோறா?

— ஆமா.

— போதும். தாராளம்.

— நீங்க வந்தது சமைக்கவா, பேசவா? பாப்பா வர்றதுக்குள்ள பேசி முடிச்சிடணும். அதுக்காகத்தான் சாயந்திர டூட்டிய வேற ஆளுக்கு மாத்திக் குடுத்துட்டு ஓடி வந்திருக்கேன்.

— எங்க அவ?

— கீழ் வீட்டுல. சிநேகிதிகிட்டப் போயிட்டு வரேன்னு சொல்லப் போயிருக்கா. வாசல்ல பை இருக்கே, பார்க்கலியா? நேத்தே அடுக்கியாச்சு. துணி, ஸ்கூல் புத்தகம், தலகாணி. தலகாணிகூட இங்கேருந்து வேணுமாம். நான் மட்டும் வேண்டாமாம்.

— பார்த்தேன். வரும்போதே பார்த்தேன்.

— பார்த்துட்டும் நேரா பிரிட்ஜ்தான்.

— பசி வயித்தோட பேசினா வாய்ல நல்ல வார்த்தை வராது. மொதல்ல சாப்பிடுவோம், அப்புறம் பேசுவோம்.

— இந்த வசனத்த இந்த வீட்டுல நீங்க சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறேன். இதுக்கு முன்னாடியெல்லாம் "என்ன, இன்னுமா ஆகல"தான்.

— அதெல்லாம் இப்ப எதுக்கு?

— எதுக்கா? முன்கூட்டியே சொல்லிடறேன், கேட்டுக்கோங்க. ஒரு வாரமா அவகிட்ட என்ன சொல்லிட்டு இருக்கேனோ அதேதான் உங்ககிட்டயும். அனுப்ப மாட்டேன். அவளுக்குப் பதினாலு வயசு. அப்பா வீடு நல்லா இருக்கும், அப்பா திட்ட மாட்டாரு, அப்பா அத வாங்கித் தருவாருன்னு இந்த வயசுல எல்லாப் பிள்ளையும் நினைக்கும். அதுக்காகத் தூக்கிக் குடுத்துட முடியாது.

— சரி.

— என்ன சரி?

— நீ அப்படித்தான் சொல்லுவேன்னு தெரியும். அதான் சரின்னேன். வெங்காயம் டப்பாலதானே இருக்கு? ஆமா, இருக்கு. பாதி போதும்.

— வெங்காயம் நறுக்கத் தெரியுமா உங்களுக்கு?

— பாரேன்.

— ஒரு தடவ தண்ணி கொதிக்க வைக்கச் சொல்லிட்டுப் போனேன். கொதிச்சிடுச்சுன்னு எப்படித் தெரியும்னு போன் பண்ணிக் கேட்டீங்க. நான் ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நிக்கறேன். பக்கத்துல நின்ன டாக்டர் சிரிச்ச சிரிப்ப இன்னும் மறக்கல. லிப்ட்டுக்குள்ள இருக்கற ஆயிரம் ஒயரும் அத்துப்படி, தண்ணி கொதிக்கறது தெரியாது.

— தெரியாமத்தான் இருந்துச்சு. அப்புறம் சுகர் வந்துச்சு. டாக்டர் பிடிச்சுக் கிழி கிழின்னு கிழிச்சாரு. கடைச் சாப்பாட்ட விடு, வீட்டுல சமைச்சுச் சாப்பிடு, சோறு கொஞ்சமா காய் நிறையான்னாரு. கத்துக்கிட்டேன். அவ்வளவுதான் விஷயம்.

— டாக்டர் ஒரு தடவ சொன்னாரு, கத்துக்கிட்டீங்க. நான் கல்யாணமான நாள்லேருந்து சொன்னேன்.

— நீ சொன்ன விதம் அப்படி.

— எந்த விதம்? நின்னுட்டே இருந்து கால் ரெண்டும் வீங்கி வீட்டுக்கு வந்து, அடுப்புல பாத்திரத்த ஏத்திக்கிட்டே சொன்ன விதமா? நீங்க டிவி முன்னாடி கால நீட்டிட்டு இருந்தீங்க. நான் எப்படிச் சொல்லியிருக்கணும், பாட்டாப் பாடியிருக்கணுமா?

— சண்டைக்கு வரல நான்.

— எனக்குத் தெரியும். நீங்க எப்பவுமே சண்டைக்கு வந்ததில்ல. சண்டை போட்டதெல்லாம் நான்தான். எதுக்கும் முடியாதுன்னு சொல்றது நான், எதையாவது வாங்கிட்டு வந்து நல்ல பேர் எடுக்கறது நீங்க.

— இந்தா, தண்ணி குடி மொதல்ல.

— எங்க வீட்டுத் தண்ணிய எனக்கே குடுக்கறீங்க.

— குடி.

— கேரட்ட ஏன் இப்படி ஓரமா ஒதுக்கி வெக்கறீங்க? எல்லாத்தையும் வெளிய எடுத்து மேடை பூரா வரிசை கட்டியாச்சு. கடையா வெக்கப் போறீங்க?

— கேளு, எங்க வேலையில லிப்ட் நடுவுல நின்னுபோச்சுன்னு போன் வரும். உள்ள ஆள் மாட்டிட்டு நிக்கும். கடைக்குப் போய் ஸ்பேர் வாங்கிட்டு வரேன், அதுவரைக்கும் பொறுங்கன்னு சொல்ல முடியுமா? கைப்பையில என்ன இருக்கோ எல்லாத்தையும் கீழ பரப்பணும், கண்ணால ஒரு தடவ பார்க்கணும், அத வெச்சே ஓட்டிடணும். இதுவும் அப்படித்தான். இன்னது பண்ணப் போறேன்னு முடிவு பண்ணிட்டு சாமான் தேடினாத்தான் கஷ்டம். இருக்கறத வெளிய எடுத்துப் போட்டுட்டா என்ன பண்றதுன்னு அதுவே சொல்லும். எது முதல்ல கெடுமோ அது முதல்ல சட்டிக்குள்ள. கீரை இன்னிக்கே போயாகணும். முட்டைக்கோஸ் பாதிய வெச்சுக்கலாம். கேரட் இன்னும் நாலு நாள் தாங்கும், ஒண்ணு போதும்.

— பாப்பாவும் பிரிட்ஜ்ல இப்படித்தான் அடுக்கறா. கெடப்போறது முன்னாடி, தாங்கறது பின்னாடி. நான் இழுத்துப் போட்டு வெச்சிருப்பேன், அவ எடுத்து ஒழுங்கு பண்ணிடுவா. உங்க ரத்தம்னு நினைச்சுப்பேன்.

— ம்.

— அவ சமைக்கறா, தெரியுமா உங்களுக்கு? என் பொண்ணு. யாரும் சொல்லிக் குடுக்கல. நான் சாயந்திர டூட்டி முடிச்சு வரும்போது தட்டு மூடி வெச்சிருப்பா. அன்னன்னிக்கு வீட்டுல என்ன கிடக்குதோ அதப் போட்டு. ஒரு நாள் பூசணிக்கா சூப்பு. ஒரு நாள் பயறு வேகவெச்சு வெள்ளரிக்கா நறுக்கிப் போட்டு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு. எண்ணெய் ஒரு ஸ்பூன்கூட இருக்காது, வயித்துக்கு இதமா இருக்கும். வார்டுல பக்கத்துல வேலை பார்க்கறவளுங்க எல்லாம் என்னப் பார்த்துப் பொறாமைப்படுவாளுங்க. கால் கடுக்க பஸ்ல நின்னுட்டு வர்றப்ப அந்தத் தட்டத்தான் நினைச்சுட்டு வருவேன். வாயால ஒரு வார்த்தை அன்பாப் பேச மாட்டா. ஆனா தட்டு இருக்கும். அது போதும்னு இருந்தேன்.

— ம்.

— என்ன ம்? இத எதுக்குச் சொல்றேன்னா, அவளுக்கு என்னப் பிடிக்கலன்னு யாரும் சொல்ல முடியாது. பிடிக்காதவளுக்கு எவளும் தட்டு மூடி வெக்க மாட்டா. ஏதோ கோவத்துல பையக் கட்டிட்டா. நாலு நாள் போனா இறங்கிடும்.

— இருக்கலாம்.

— நீங்க ஏன் சுவரப் பார்த்துப் பேசறீங்க?

— அடுப்பப் பார்த்துப் பேசறேன். வலது பக்கத்துல வெக்கறேன், இடது பக்கம் ஒரு ஓரமாத்தானே எரியும்.

— என்ன சொன்னீங்க?

— என்ன சொன்னேன்?

— இடது பக்கம் ஓரமா எரியும்னு. இந்த அடுப்பு நீங்க போன அப்புறம் வாங்கினது.

— பார்த்தாலே தெரியுதே.

— பத்த வெக்காத அடுப்பப் பார்த்தா ஓரமா எரியறது எப்படித் தெரியும்? அது மட்டுமில்ல. வந்ததுலேருந்து பார்த்துட்டே இருக்கேன். வெட்டுற பலகை எங்கன்னு கேக்கல, தொட்டிக்குப் பின்னாடி கைய விட்டு எடுத்தீங்க. மிளகுத் தூள் எங்கன்னு கேக்கல. வெங்காயம் டப்பாலதானேங்கறீங்க. நான் இல்லாதப்ப இந்த வீட்டுக்கு வர்றீங்களா?

— இல்ல. சத்தியமா இல்ல. நீ நினைக்கற மாதிரி இல்ல.

— வேற எந்த மாதிரி?

— போன்ல. வீடியோ போன்ல. தினம் சாயந்திரம் அவ கூப்பிடுவா. போன அந்த சர்க்கரை டப்பா மேல சாய்ச்சு வெச்சுட்டு பிரிட்ஜத் திறந்து காட்டுவா. இன்னிக்கு என்ன இருக்குன்னு நானும் பார்ப்பேன். ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுவோம். அவ அங்க, அதாவது இங்க, சமைப்பா. நான் அங்க சமைப்பேன்.

— ரெண்டு பேரும் ஒரே சமையலா?

— ஒரே சமையல். இந்த வீட்டு பிரிட்ஜ்ல என்ன இருக்கோ அதையே நானும் வாங்கி வெச்சுக்குவேன். அவ ஸ்கூல் விட்டு வந்ததுமே சொல்லிடுவா, அப்பா அரை முட்டைக்கோஸ், ரெண்டு கேரட்டுன்னு. நானும் முட்டைக்கோஸ வாங்கி பாதிய அடுத்த வீட்டுக்காரருக்குக் குடுத்துட்டு அரைதான் வெச்சுக்குவேன். சமமா இருக்கணும்ல. கால் மணி நேரத்துல யார் முடிக்கறாங்கன்னு பந்தயம்கூட உண்டு.

— எவ்வளவு நாளா?

— ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்.

— ஒரு வருஷமா என் வீட்டுச் சமையக்கட்டுல நீங்க இருந்திருக்கீங்க. எனக்கு மட்டும் தெரியாது.

— அம்மாகிட்டச் சொல்லாதன்னு நான் சொல்லல. அவளாத்தான் சொல்லல. நீ நிறுத்திடுவியோன்னு பயந்திருப்பா.

— நிறுத்தியிருப்பேன். கட்டாயம் நிறுத்தியிருப்பேன். அப்ப அந்தத் தட்டு?

— எந்தத் தட்டு?

— எனக்கு மூடி வெச்ச தட்டு.

— அது உனக்குன்னு அவளா எடுத்து வெக்கறதுதான். நான் சொல்லி வெக்கல.

— மிச்சம்.

— அப்படிச் சொல்லாத.

— நீங்க ரெண்டு பேரும் ஆடின ஆட்டத்துல மிச்சமானது. வேறென்ன பேரு அதுக்கு? நான் தின்னுட்டு நல்லா இருக்குடின்னு சொன்னா தலைய ஆட்டிட்டு ரூமுக்குள்ள போயிடுவா. படிச்ச களைப்புன்னு நினைச்சுட்டேன். ருசி எப்படிம்மான்னு ஒரு நாள் கேட்டதில்ல அவ. இப்பத்தானே புரியுது. கேக்கறதுக்கு அவளுக்கு வேற ஆள் இருந்திருக்கு.

— நீயா ஒண்ண நினைச்சு மனசப் புண்ணாக்கிக்காத. கேளு, இந்த சோத்த உதிர்த்துக் குடேன். கட்டி இல்லாம.

— குடுங்க.

— கையால.

— தெரியும். சோறு உதிர்க்க எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

— உப்பு நான் கடைசியிலதான் போடுவேன். முதல்லயே போட்டா காய் தண்ணி விட்டுடும். அப்புறம் நீ—

— ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லுங்க. சமைக்கும்போது அவ சிரிப்பாளா?

— யாரு, நம்ம வாலுப் பொண்ணா? சிரிப்பா. நல்லாச் சிரிப்பா. ஒரு நாள் நான் முட்டைய உடைக்கறேன்னு பாதிய சட்டியிலயும் பாதிய சட்டையிலயும் ஊத்திட்டேன். வயித்தப் பிடிச்சுட்டு கீழ உட்கார்ந்துட்டா. போன்ல அவ தலை தெரியல, சிரிப்புச் சத்தம் மட்டும் வருது. சிரிச்சு முடிச்சு எழுந்து பார்த்தா அவ சட்டியும் கருகிப்போச்சு.

— கருகின சட்டிய நான்தான் தேய்ச்சேன். பால் பொங்கிடுச்சும்மான்னா.

— தெரியும். சொன்னா.

— இந்த வீட்டுல அவ சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. நீங்க போன அப்புறம் ஒரு தடவகூட. நான் வந்து நிக்கற நேரம் அவ சிரிச்சு முடிச்சிருப்பா போல.

— நீ டூட்டிக்குப் போகணும், சம்பாதிக்கணும், அவள வளர்க்கணும். உனக்கு எங்க நேரம்?

— வக்காலத்து வேண்டாம்.

— சரி.

— கூட்டிட்டுப் போங்க.

— என்ன?

— பாப்பாவ. கூட்டிட்டுப் போங்க.

— இல்ல, நீ கோவத்துல பேசற.

— கோவம் இல்ல. ஒரு வாரமா தூங்கல நான். இவருக்கு என்ன தெரியும் பிள்ளை வளர்க்க, பட்டினி போட்டுடுவாரு, கடையில வாங்கிக் குடுத்தே உடம்பக் கெடுத்துடுவாருன்னு சொல்லிச் சொல்லித்தான் என் மனச நானே கல்லாக்கி வெச்சிருந்தேன். இப்ப அதுவும் இல்ல. கீரைய இவ்வளவு பொடிசா நறுக்கறீங்க. அவ நடுநரம்பு சாப்பிட மாட்டான்னு நரம்ப எடுத்துட்டு நறுக்கறீங்க. அது எனக்கே தெரியாது. நான் மொத்தமாப் போட்டுத்தான் வேக வெப்பேன். அவ ஒதுக்கிடுவா, நான் திட்டுவேன். இதுக்கு மேல எதச் சொல்லி அவள இங்க பிடிச்சு வெக்கறது?

— அவசரப்படாத. நல்லா யோசி. ஸ்கூல் இருக்கு, அங்கேருந்து ரொம்ப தூரம். வருஷத்துக்கு நடுவுல மாத்த முடியாது.

— பஸ் இருக்கு. காலையில நானே வந்து பஸ் ஏத்தி விடறேன்னாலும் விடறேன்.

— நீ தனியாயிடுவ.

— இப்ப மட்டும் என்ன கூட்டமா இருக்கு? நான் தனியாத்தான் இருக்கேன், அவளும் பக்கத்து ரூம்ல தனியா இருக்கா. ஞாயித்துக்கிழமை நீங்க அவளப் பார்த்த மாதிரி நான் பார்த்துக்கறேன். அப்பவாவது ஒரு வேளை சிரிப்பா.

— அதில்ல. பொம்பளப் பிள்ளை. வளர்ற வயசு. அம்மா பக்கத்துல இருக்கறதுதான்—

— கீரை அடிப்பிடிக்குது.

— ஐயோ. ஆமா.

— தணிச்சு வைங்க. கொஞ்சம் தண்ணி தெளிங்க. ஏன் கரண்டிய நழுவ விட்டீங்க?

— சூடு.

— என்னைப் பாருங்க. நீங்க எதுக்கு வந்தீங்க இன்னிக்கு?

— பேச.

— என்ன பேச? பாப்பாவ அனுப்புன்னு கேக்கத்தானே? அவகிட்ட அப்படித்தானே சொல்லியிருக்கீங்க? அம்மாகிட்ட வந்து கேட்டு உன்னக் கூட்டிட்டுப் போறேன்னு. அத நம்பித்தானே அவ தலகாணியக் கட்டி வெச்சிருக்கா?

— ஆமா.

— நான் குடுக்கறேன்னு சொல்லிட்டேன். நீங்க பஸ், ஸ்கூல், வயசுன்னு என்னென்னமோ சொல்றீங்க. என்ன விஷயம்?

— நீ முடியாதுன்னு சொல்லுவேன்னு நினைச்சேன்.

— என்ன?

— நீ விட மாட்டேன்னு நினைச்சேன். எப்பவும் விட மாட்டேதானே. அந்த நம்பிக்கையிலதான் அவகிட்ட, உங்கம்மா சரின்னா அப்பா உடனே கூட்டிட்டுப் போறேன்டான்னு சொல்லிட்டேன். அவ அழுதா. அழறவகிட்ட வேற என்ன சொல்றது?

— அழறவகிட்ட உண்மையச் சொல்றது.

— உண்மை என்னன்னா, வீடு என்னோடது இல்ல.

— வாடகை வீடுதானே? எல்லாரும் வாடகை வீடுதான்.

— அதில்ல. நான் இன்னொருத்தங்க வீட்டுல இருக்கேன். அவங்களும் தனியா இருந்தவங்கதான். சேர்ந்து இருக்கோம். கல்யாணத்தப் பதிவு பண்ணிக்கலாம்னு பேச்சு.

— ஓகோ.

— திட்டணும்னா திட்டிடு.

— எதுக்குத் திட்டணும்? பிரிஞ்ச மனுஷன் யார்கூட இருந்தா எனக்கென்ன. பாப்பாவுக்குத் தெரியுமா?

— தெரியாது.

— ஒரு வருஷமா அந்தச் சமையக்கட்டத் தினம் பார்க்கறா. அது யாரோடதுன்னு அவளுக்குத் தெரியாதா?

— அப்பா தனியா இருக்கேன்னுதான் நினைச்சுட்டு இருக்கா. அதான் ஞாயித்துக்கிழமை பார்க், கடைன்னு வெளியவே கூட்டிட்டுப் போயிடுவேன்.

— நீங்க போன்ல பேசிட்டே சமைக்கறப்ப அந்தம்மா எங்க இருப்பாங்க?

— உள் ரூம்ல. கதவச் சாத்திக்குவாங்க. நான் போன வெச்சதும் வருவாங்க. அப்புறம் சாப்பிடுவோம்.

— அப்ப தினமும் ரெண்டு பேருக்குச் சமைச்சிருக்கீங்க. அந்த ரெண்டாவது ஆள் இருக்கறதே இவளுக்குத் தெரியாது. அப்பா தனியா உட்கார்ந்து சாப்பிடறாரு, நான் போய்க் கூட இருக்கணும்னு பையக் கட்டியிருக்கா.

— அவங்க கெட்டவங்க இல்ல. பொண்ணு வரட்டும், பார்த்துட்டுப் போகட்டும், ஆனா தங்க வேண்டாம்னு சொல்றாங்க. அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. சின்ன வீடு.

— நீங்க என்ன சொன்னீங்க அதுக்கு?

— நான் என்ன சொல்றது?

— அதத்தான் கேக்கறேன். என் பொண்ணு, நான் வெச்சுப்பேன், இஷ்டம் இல்லன்னா நான் வேற வீடு பார்க்கறேன்னு சொன்னீங்களா?

— ...சரின்னேன்.

— சரின்னீங்க. எங்கிட்டயும் வந்ததும் அதத்தான் சொன்னீங்க. சரி.

— கேளு. கொஞ்சம் கேளு. எனக்கு இந்த சாயந்திர நேரம்தான் உசிரு. அந்த ஒரு கால் மணி நேரத்துல நான் நல்ல அப்பனா இருக்கேன். எனக்குத் தெரியும். அதுக்கு மேல நாள் பூரா, காய்ச்சல் வந்தா, பரீட்சை வந்தா, கோவம் வந்தா, அதெல்லாம் எனக்கு வராது. உனக்கு வரும்.

— எனக்கும் வரல. செய்யறேன். வர்றது வேற, செய்யறது வேற.

— அதனால ஒண்ணு கேக்கறேன். நீயே சொல்லிடேன். எப்பவும் போல முடியாதுன்னு சொல்லிடு. உனக்கு அது புதுசு இல்ல. நாலு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுப்பா, அப்புறம் சரியாயிடுவா. நீயே இப்பச் சொன்னியே.

— அது நான் மிச்சத்தத் தின்னுட்டு இருந்தேன்னு தெரியறதுக்கு முன்னாடி சொன்னது.

— தயவுசெஞ்சு.

— முடியாது. நீங்களே சொல்லுங்க. கதவத் திறந்துட்டு வருவா, அவ கண்ணப் பார்த்துச் சொல்லுங்க. ஆத்திரமா வருது எனக்கு. வெறுப்பு பூரா என் தலையில, சிரிப்பு பூரா உங்க போன்ல. பதினாலு வருஷமா இதே பங்குதான்.

— சரி, நானே சொல்றேன். பக்குவமா எடுத்துச் சொல்றேன்.

— பக்குவமெல்லாம் வேண்டாம். உண்மையச் சொல்லுங்க. அப்புறம் அந்த போன் இருக்குல்ல, அத நிறுத்தக் கூடாது. அந்தம்மா கதவச் சாத்திக்கட்டும், ஜன்னலச் சாத்திக்கட்டும், எனக்குத் தெரியாது. ஒரு நாள் நின்னுபோச்சுன்னு தெரிஞ்சா நான் நேரா வந்து அந்த வீட்டுக் கதவத் தட்டுவேன்.

— நிறுத்த மாட்டேன். ஆனா இதச் சொன்னதுக்கு அப்புறம் அவ கூப்பிடுவாளான்னு தெரியல.

— கூப்பிட மாட்டாதான்.

— அதான் பயமா இருக்கு.

— படியில சத்தம் கேக்குது. வந்துட்டா. சோத்தப் போடுங்க, முட்டைய ஊத்துங்க. மூஞ்சியத் துடைங்க.

— அப்பா! வந்துட்டியா? வாசனை கீழ் வீடு வரைக்கும் வருது. நீதான்னு அப்பவே சொன்னேன், அவ நம்பல. எங்கப்பா இல்லாம யாரும் இவ்வளவு மிளகு போட மாட்டாங்கன்னேன்.

— வாடா வாலு. கை கழுவிட்டு வா.

— கீரையா? நரம்பு எடுத்துட்டியா? அம்மா, நீ ஏன் சோத்துக் கையோட நிக்கற? உன்னயும் வேலை வாங்கிட்டாரா? அப்பா, இங்க பாரு, இந்த அடுப்புதான் நான் சொன்னது. ஓரமா எரியுமே. போன்ல பார்த்தத விட மோசம்ல?

— ஆமாடா.

— அம்மா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பா சொல்லிட்டாரா?

— சொல்லிட்டாரு. எல்லாம் தெரியும்.

— கோவமா?

— இல்ல.

— நெஜமாவா? அப்ப நான் போகலாமா? அப்பா, அம்மா சரின்னுட்டாங்களா? செருப்பப் போட்டுட்டே சாப்பிடட்டுமா?

— அது வந்துடா... மொதல்ல உட்காரு. அப்பா உங்கிட்ட ஒண்ணு பேசணும்.

— பேசு.

— விஷயம் என்னன்னா... அப்பா வீட்டுல... அதாவது நீ நினைக்கற மாதிரி... இரு, உப்புப் போட்டுட்டு வரேன்.

— உப்பு அப்புறம் போடலாம். சொல்லுப்பா.

— சொல்றேன்ல. அப்பாவுக்கு உம்மேல எவ்வளவு பாசம்னு உனக்குத் தெரியும்தானே?

— தெரியும். ஏன்ப்பா தரையப் பார்க்கற? அம்மா, ஏன் இவரு இப்படிப் பேசறாரு? அப்பாவுக்கு நான் வர்றது பிடிக்கலயா?

— பிடிக்காம என்ன. நான்தான் அனுப்ப மாட்டேன்னுட்டேன்.

— அம்மா.

— எவ்வளவோ கேட்டாரு. ஒத்தக் கால்ல நின்னாரு. ரூமெல்லாம் ஒழிச்சு வெச்சிருக்காராம் உனக்கு. நான் ஒத்துக்கல. என் பொண்ண எவருக்கும் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். வேணும்னா போன்ல பேசிக்கோங்க ரெண்டு பேரும், எத்தனை நேரம் வேணாலும். பையப் பிரிச்சு வெச்சுட்டு வந்து சாப்பிடு, ஆறிடும்.

— நீ எப்பவும் இப்படித்தான். எனக்கு உன்னப் பிடிக்கவே இல்லம்மா. கொஞ்சம்கூடப் பிடிக்கல. அப்பா, நீ இன்னொரு தடவ சொல்லிப் பாருப்பா. ஏதாவது பேசுப்பா.

— நான் என்னடா பண்றது, உங்கம்மா விட மாட்டேங்கறாளே.